வீரப்பனுக்கு வக்காலத்து வாங்கினவர்கள்

பாலாறு என்று பேச்சை எடுத்தால் போதும், எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடுகிறது. "குண்டுவெடிப்பு நடந்த இடம்தானே? அந்தக் கைதிகளுக்காகக் கொடி பிடிச்சவங்க எல்லாம் வீரப்பனுக்கு வக்காலத்து வாங்கினவங்கதானே?" என்பார். பயங்கரவாதத் தடைச் சட்டமான தடாவில் அடைபட்டவர்களை விசாரியுங்கள் அல்லது விடுங்கள் என்று கேட்டவர்கள், வீரப்பனைத் தேடி மலைக்கிராமங்களுக்குப் போன அதிரடிப்படை செய்த சித்திரவதைக்கு நீதி கேட்டவர்கள், நால்வரின் தூக்குக் கயிற்றை நிறுத்தச் சொன்னவர்கள் எல்லோரையும் இந்த ஒரே வாக்கியத்தில் கட்டி மூலையில் போட்டுவிடலாம். முப்பது வருடங்களுக்கு மேலாகியும் அது தேயவில்லை. 2023-ல் வீரப்பன் பற்றிய ஆவணத் தொடர்கள் ஓடிடியில் வந்தபோது டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் மறுபடி அதே வரிதான் கேட்டது.

இந்த எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பழ. நெடுமாறன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் கைதானார். அவர் நடத்திய தமிழர் தேசிய இயக்கம் தடை செய்யப்பட்டது. நக்கீரன் இதழின் ஆசிரியர் கோபால் வீரப்பன் இருந்த காட்டுக்குள் போய் வந்தார். அவரும் 2003-ல் பொடாவில் உள்ளே போனார். தமிழ்த் தேசியம் பேசிய ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த சிலர் வீரப்பனோடு காட்டில் இருந்ததும் உண்மை. ஆனால் இவ்வளவையும் அடுக்கிவிட்டு, "ஆகவே இவர்கள் கேட்டது எதையும் காதில் வாங்க வேண்டியதில்லை" என்று முடிக்கிறார்களே, அங்கேதான் கணக்கு பிசகுகிறது. கேட்டவர் யார் என்பதை வைத்துக் கேட்கப்பட்டதைத் தள்ளிவிட முடியாது. பாலாற்றின் கதையே இதற்குச் சாட்சி.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் கொளத்தூர், கோவிந்தபாடி தாண்டினால் பாலாறு. வேலூர்ப் பாலாறு வேறு. இது காவிரியில் வந்து சேரும் சிற்றாறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகம். சாமராஜநகர் தனி மாவட்டமாகும்வரை அந்தக் கரை மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1993 ஏப்ரல் 9 அன்று காவல்துறை அதிகாரி கோபாலகிருஷ்ணன் தலைமையில் வீரப்பனைத் தேடிப் போன குழு அந்தக் காட்டுப் பாதையில் கண்ணிவெடியில் சிக்கியது. 22 பேர் செத்தார்கள். கோபாலகிருஷ்ணன் படுகாயத்தோடு தப்பினார்.

அந்த 22 பேர் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? போலீஸ்காரர்கள் ஐந்து பேர், வனத்துறை ஊழியர்கள் இரண்டு பேர். மிச்சம் 15 பேர் போலீசுக்குத் தகவல் சொல்லவும் வழி காட்டவும் அழைத்துப் போகப்பட்ட ஆட்கள். காட்டையும் ஒத்தையடிப் பாதையையும் அறிந்த இந்தப் பக்கத்து ஏழைகள். போகமாட்டேன் என்றால் போலீஸ் சும்மா விடாது, போனால் வீரப்பன் சும்மா விடமாட்டான் என்ற இடுக்கில் கிடந்தவர்கள். "தமிழரின் காவலன்" என்று வீரப்பனுக்குப் பட்டம் சூட்டிய மேடைகளில் இந்தப் பதினைந்து பேரைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை. கைதிகளுக்காகக் கொடி பிடித்த அமைப்புகள் மீது எனக்கிருக்கும் கோபம் இதுதான். அதை மறைக்கவும் இல்லை. தமிழ் பேசும் கூலிக்காரன் குண்டில் சிதறினால் துரோகி, யானையையும் சந்தன மரத்தையும் வெட்டி விற்றவன் இனக் காவலன் என்ற கணக்கை எந்தத் தமிழ்ப் பற்றும் நியாயப்படுத்தாது.

ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு, குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்ததைக் கண்ணை மூடிக் கடந்துவிட முடியுமா?

குண்டுவெடிப்புக்குப் பிறகு இரு மாநிலப் படைகளும் எல்லையோரக் கிராமங்களுக்குள் இறங்கின. வீரப்பன் கிடைக்கவில்லை, கிடைத்தவர்கள் ஊர்க்காரர்கள். அரிசி கொடுத்தான், தீப்பெட்டி வாங்கித் தந்தான், உறவுக்காரன், அதே ஊர்க்காரன். பிடித்துப் போக இவ்வளவு போதும். மாதேஸ்வரன் மலையில் இருந்த முகாமில் ஓர் அறைக்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர். அங்கே கரண்ட் வைத்தார்கள், தலைகீழாகத் தொங்கவிட்டு அடித்தார்கள், பெண்களை நாசம் செய்தார்கள் என்று பிற்பாடு விசாரணைக் குழுவின் முன்னால் மக்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். சோளகர் பழங்குடிகள் பட்ட பாட்டை, மனித உரிமை அமைப்பில் இயங்கிய வழக்கறிஞர் ச. பாலமுருகன் 'சோளகர் தொட்டி' என்று நாவலாக எழுதினார். அது 2004-ல் வந்தது. அந்த மக்களோடு வழக்குக்காக அலைந்த ஒருவர் எழுதினார் என்பதாலேயே அது நம்பத்தகாதது என்று யாராவது சொன்னால், அப்புறம் யார்தான் எழுதுவது? மலையேறிப் போகாதவரா?

பிடிபட்டவர்களில் பலர் மீது தடா போட்டார்கள். அந்தச் சட்டத்தின் பதினைந்தாவது பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் சாதாரணமாக, போலீஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த பாதுகாப்பு இது. அடித்து வாங்குவார்கள் என்று வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. தடா அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. எஸ்.பி. அந்தஸ்துள்ள அதிகாரி பதிவு செய்தால் போதும், அந்த வாக்குமூலமே சாட்சியம். இதை வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கும் நீதிமன்றத்துக்கும் எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். 1995 மே மாதத்தில் சட்டமே காலாவதியாகிவிட்டது. ஆனால் அதன் கீழ் உள்ளே போனவர்கள் உள்ளேயே கிடந்தார்கள். 2000-ஆம் ஆண்டிலும் 51 பேர் மைசூர்ச் சிறையில் விசாரணைக் கைதிகளாகவே இருந்தார்கள்.

இவர்களுக்காகத்தான் அமைப்புகள் பேசின. அதற்குத்தான் "வக்காலத்து" என்ற பட்டம்.

அந்தப் பட்டம் ஊரெங்கும் ஒட்டியது 2000 ஜூலை 30-க்குப் பிறகு. அன்றிரவு தாளவாடிக்குப் பக்கத்தில் தொட்டகாஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் தூக்கிக்கொண்டு போனான். 108 நாள். பெங்களூரு கொதித்தது; அங்கிருந்த தமிழர்கள் வீட்டுக்குள் முடங்கினார்கள். வீரப்பன் அனுப்பிய கோரிக்கைப் பட்டியலில் தடா கைதிகள் விடுதலை இருந்தது. கூடவே காவிரி நீர், 1991 காவிரிக் கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு இழப்பீடு, பெங்களூருவில் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது, நீலகிரியில் பச்சைத் தேயிலைக்கு விலை, மாஞ்சோலைத் தொழிலாளர் கூலி, அதிரடிப்படை அத்துமீறலை விசாரிக்க அமைத்த சதாசிவா குழு மீதிருந்த தடையை நீக்குவது என்று ஒரு பொதுக்கூட்டத் தீர்மானம் மாதிரியே இருந்தது.

காட்டில் யானை வேட்டையாடியவனுக்குத் தேயிலை விலை எப்படித் தெரியும், யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள். எழுதிக் கொடுத்திருப்பார்கள்தான். அதனால் என்ன? தேயிலைக்கு விலை கிடைக்காமல் நீலகிரிச் சிறு விவசாயி தவித்தது பொய்யா? 1999 ஜூலையில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன 17 பேர் தாமிரபரணியில் பிணமாக மிதந்தது பொய்யா?

திருவள்ளுவர் சிலை விஷயத்தைப் பாருங்கள். பெங்களூருத் தமிழ்ச் சங்கம் அல்சூரில் நிறுவிய அந்தச் சிலை 1991-லிருந்து துணி போர்த்திக் கிடந்தது. திறக்கக் கூடாது என்று வாட்டாள் நாகராஜ் முதலான கன்னட அமைப்புக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். கொள்ளைக்காரன் கேட்டதற்கெல்லாம் சிலை திறப்பதா என்று அப்போது பேசப்பட்டது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கர்நாடக முதல்வர் எடியூரப்பாவும் தமிழ்நாட்டு முதல்வர் கருணாநிதியும் சேர்ந்து நின்று அதே சிலையைத் திறந்தார்கள். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. வீரப்பன் செத்து ஐந்து வருடமாகியிருந்தது. "அவன் கேட்டதைச் செய்துவிட்டார்கள்" என்று ஒருவரும் பதறவில்லை. கோரிக்கை அதேதான். கேட்ட வாயைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று கற்பித்தவரின் சிலைக்கே இந்தக் கதி நேர்ந்தது கொஞ்சம் வேடிக்கைதான்.

அடுத்தது, வீரப்பனிடம் தூது போனவர்கள் தரகர்கள் என்ற குற்றச்சாட்டு. கோபால் காட்டுக்குள் போனது தன் விருப்பத்துக்கா? ராஜ்குமாரை மீட்க அவரைத் தூதராக அனுப்பியவை இரண்டு மாநில அரசுகள். அதற்கு முன் 1997-ல் கர்நாடக வனத்துறை ஊழியர்கள் ஒன்பது பேரை வீரப்பன் பிடித்து வைத்திருந்தபோதும் அவர்தான் போனார். ராஜ்குமார் விவகாரத்தின் கடைசிக் கட்டத்தில் நெடுமாறனும், பேராசிரியர் கல்யாணியும், புதுச்சேரி மனித உரிமை ஆர்வலர் சுகுமாரனும் உடன் போனது அரசுகளுக்குத் தெரியாமல் நடந்ததல்ல. நவம்பர் 15-ல் ராஜ்குமார் உயிரோடு வெளியே வந்தார். வந்த பிறகு முதல்வர்களுக்கு மாலை. தூதுவர்களுக்குத் தரகர் பட்டம். பணம் கைமாறியது என்று கர்நாடகக் காவல்துறைத் தலைவராக இருந்த சி. தினகர் பின்னால் புத்தகமே எழுதினார். அது உண்மையா பொய்யா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உண்மையென்றால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் கோட்டையிலும் விதான சௌதாவிலும் இருந்தவர்கள் அல்லவா? அனுப்பியவனை விட்டுவிட்டுப் போனவனை மட்டும் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

கல்யாணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்று பிரபா கல்விமணி என்று அறியப்படுபவர் அவர்தான். திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை நடத்துபவர். பொய் வழக்கில் பிடித்துப் போகும் இருளர்களுக்காகக் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடையாய் நடந்தவர். காட்டுக்குள் போனார் என்ற ஒரு குறிப்பை வைத்து அவரை அளப்பவர்கள், இருளர் வழக்குகளில் அவர் செய்ததையும் அழித்துவிடப் போகிறார்களா? இல்லை, அவர் மீது பாராட்டு வந்தால் அதை வைத்து அவருடைய எல்லா அரசியலையும் ஏற்றுக்கொள்ளப் போகிறார்களா? இரண்டும் சோம்பேறித்தனம். ஒவ்வொரு கோரிக்கையையும் தனியே எடுத்துப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்க்கும் சோம்பேறித்தனம்.

இங்கே என் எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை நேராக எதிர்கொள்கிறேன். ராஜ்குமாரைப் பணயமாக வைத்துத் தடா வழக்குகளைத் திரும்பப் பெறும் முயற்சி நடந்தது. இரு அரசுகளும் இறங்கி வந்தன. மைசூரு நீதிமன்றமும் இசைந்தது. அதை நிறுத்தியது எந்தக் கட்சியும் இல்லை, ஒரு தகப்பன். 1992 ஆகஸ்டில் வீரப்பன் கும்பலின் தாக்குதலில் பலியான இளம் போலீஸ் அதிகாரி ஷகீல் அகமதுவின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் போனார். 2000 நவம்பர் 7 அன்று நீதிமன்றம் அரசுகளைக் கண்டித்து, வழக்கைத் திரும்பப் பெற அனுமதித்த உத்தரவை ரத்து செய்தது. மகனைப் பறிகொடுத்தவர் கேட்டது சரி. கத்தி முனையில் வழக்கு வாபஸ் ஆகக் கூடாது. இந்த இடத்தில் அமைப்புகள் தோற்றது நியாயமே. கடத்தியவனின் பட்டியலில் தங்கள் கோரிக்கை இருப்பதைப் பார்த்த அன்றே, "எங்கள் கோரிக்கையை நாங்கள் நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்கிறோம், ராஜ்குமாரை விடு" என்று எல்லா அமைப்புகளும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆனால் கதை நவம்பர் 7-ல் முடியவில்லையே. வழக்கு வாபஸ் ஆகவில்லை என்பதால் விசாரணை நடந்தது. 2001 செப்டம்பரில் மைசூரு சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விடுதலை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. எட்டு வருடமாக எவர்களைப் பற்றி "அப்பாவிகள், விசாரியுங்கள்" என்று அமைப்புகள் கத்தினவோ, அவர்களில் பெரும்பாலோரைப் பற்றி நீதிமன்றமும் கடைசியில் அதையே சொன்னது. வீரப்பன் கேட்டதும் இவர்களைத்தான் என்பதால் இவர்கள் குற்றவாளிகளாகிவிடவில்லை. அப்துல் கரீம் கேட்டதும் சரி, அமைப்புகள் கேட்டதும் சரி. இரண்டு சரிகள் மோதிக்கொண்ட இடத்தில், ஒரு பக்கத்தை "வக்காலத்து" என்று தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

தண்டிக்கப்பட்டவர்களில் நால்வர் பாலாறு வழக்கில் ஆயுள் தண்டனையை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். விடுதலை கேட்டுப் போனவர்களுக்கு 2004 ஜனவரி 29-ல் தூக்கு கிடைத்தது. நீதிமன்றம் தண்டனையைத் தானே கூட்டியது. கருணை மனு ஒன்பது வருடம் டெல்லியில் கிடந்தது. 2013 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி நிராகரித்தார். பெலகாவி ஹிண்டல்கா சிறையில் கயிறு தயாராவதாகச் செய்தி வந்த அந்த நாட்களில்தான் அமைப்புகள் மறுபடி தெருவுக்கு வந்தன. மறுபடி அதே வரி: "22 பேரைக் கொன்றவனுக்கு வக்காலத்தா?"

2014 ஜனவரி 21 அன்று தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்த நால்வர் உட்படப் பதினைந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. வருடக்கணக்கில் ஒருவனைத் தூக்குமேடை நிழலில் உட்கார வைப்பதே கொடுமை, தடா கைதி என்பதற்காக அந்த நியாயம் மாறாது என்றது தீர்ப்பு. பவானிப் பக்கத்து ஊரில் பிறந்த தலைமை நீதிபதியும் வீரப்பனுக்கு வக்காலத்து வாங்கினாரா? இந்த நால்வரும் குற்றமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தின் பலத்தில் ஒருவனைத் தூக்கில் போடக் கூடாது என்று சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு வீரப்பனை நேசிக்க வேண்டிய அவசியமில்லை.

இங்கிலாந்தில் இதேபோல ஒன்று நடந்தது. 1974 நவம்பரில் பர்மிங்காம் நகர மதுக்கடைகளில் குண்டு வெடித்து 21 பேர் செத்தார்கள். ஆறு ஐரிஷ்காரர்களைப் பிடித்து, அடித்து, வாக்குமூலம் வாங்கி ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவர்களுக்காகப் பேசிய தொழிற்கட்சி எம்.பி. கிறிஸ் மல்லின் கிறுக்கர், குண்டுக் கும்பலின் ஆதரவாளர் என்று 'தி சன்' நாளிதழ் தலைப்புப் போட்டு ஏசியது. அவருடைய இடதுசாரி அரசியல் அங்கே பலருக்குக் கசப்பு. 1991 மார்ச்சில் ஆறு பேரும் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டார்கள். மல்லினின் அரசியல் பிடிக்காதவர்களுக்கு அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன விஷயம் சரியாக இருந்தது.

அவ்வளவு தூரம் போவானேன், வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைக்கிராமத்தில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றில் எண்ணெயைக் கொட்டினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். இதை முதலில் வெளியே கொண்டுவந்தது தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது மார்க்சிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன். அன்றைய ஆட்சி மறுத்தது. கம்யூனிஸ்டுகளின் அரசியல், கடத்தல்காரர்களைக் காப்பாற்றும் வேலை என்றார்கள். கம்யூனிஸ்டுகளுக்கு அரசியல் இருந்ததா? நிச்சயம் இருந்தது. மலையில் கட்சியை வளர்க்கும் எண்ணம் இருந்ததா? இருந்திருக்கும். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்சிக்கு லாபம் கிடைத்ததா நட்டமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

இதே அளவுகோலை மறுகரைக்கும் வைக்கிறேன். இல்லாவிட்டால் இது என் பக்கத்து ஆட்களுக்கான வாதமாகிவிடும். வாட்டாள் நாகராஜ் கழுதையில் ஏறி, எருமையை ஓட்டி வந்து போராட்டம் நடத்துபவர். சாமராஜநகரிலிருந்து சட்டமன்றம் போனவர். நமக்கு அவர் ஒரு கோமாளி. மீம்ஸுக்கு ஆகிற ஆள். ஆனால் கர்நாடகத்தில் கன்னடத்துக்கு முதலிடம் வேண்டும் என்று அவர் கேட்டால் அந்தக் கோரிக்கை கோமாளித்தனம் ஆகிவிடாது. அதே கோரிக்கைக்குத்தான் 1982-ல் கோகாக் போராட்டத்தில் ராஜ்குமாரே தலைமை தாங்கினார். நாம் சென்னையில் தமிழுக்குக் கேட்பதும் அதைத்தான். மறுபக்கம், 2017-ல் சத்யராஜ் என்றோ காவிரி பற்றிப் பேசியதற்காகப் 'பாகுபலி' இரண்டாம் பாகத்தை ஓடவிட மாட்டோம், மன்னிப்புக் கேள் என்று மிரட்டினார்களே, அது தவறு. வாட்டாள் கேட்டதால் தவறில்லை. யார் கேட்டிருந்தாலும் தவறு. சத்யராஜ் வருத்தம் தெரிவித்த பிறகு இங்கே சில அமைப்புகள் பதிலுக்கு கன்னடப் படங்களைத் தடுப்போம் என்ற தொனியில் பேசியிருந்தால் அதுவும் அதே தவறு.

அமைப்புகளில் இருப்பவர்களின் யோக்கியதையைப் பற்றி யாரும் கேட்கவே கூடாதா என்றால், கேட்க வேண்டும். பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது, தலைவர் ஏன் இருபத்தைந்து வருடமாக அவரே தலைவர், பாதிக்கப்பட்டவர் பெயரில் வசூலித்தது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கொலைக்கும் கடத்தலுக்கும் துணை போனவர் இருந்தால் ஆதாரத்தோடு வழக்குப் போடட்டும். ஆனால் பேசியதற்கே பொடா போட்ட காலமும் ஒன்று இருந்தது. வெறுமனே வாயால் ஆதரவு சொன்னது, பயங்கரவாதச் செயலுக்குத் தூண்டும் எண்ணமில்லாவிட்டால், குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே பொடா சட்டமே எடுபட்டது. சட்டம் போன பிறகும் அதை வைத்து ஒட்டிய முத்திரை மட்டும் போகவில்லை. ராஜ்குமார் கடத்தல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரையும் 2018 செப்டம்பரில் கோபிச்செட்டிபாளையம் நீதிமன்றம் விடுவித்த செய்தி பத்திரிகையின் உள்பக்கத்தில் வந்துபோனது.

முத்திரை குத்துவதில் ஒரு வசதி இருக்கிறது. நெடுமாறனைத் திட்டினால் ஒர்க்‌ஷாப்பைப் பற்றிப் பேச வேண்டாம். கோபாலின் மீசையைக் கிண்டல் செய்தால் எட்டு வருடச் சிறையைப் பற்றிப் பேச வேண்டாம். 2023 பிப்ரவரியில் பாலாற்றை ஒட்டிய காவிரிக் கரையில் கர்நாடக வனத்துறை சுட்டதில் கோவிந்தபாடிக்காரர் ஒருவர் இறந்தார். மீன் பிடிக்கப் போனவர் என்றார்கள் ஊரார்; மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்றது வனத்துறை. பாலாற்றுப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. அப்போதும் சமூக வலைத்தளத்தில் பலருடைய முதல் கேள்வி, போராடுகிற அமைப்பு யாருடையது என்பதுதான். மான் வேட்டைக்கே வந்திருந்தாலும் சுட்டுக் கொல்லச் சட்டம் சொல்கிறதா என்ற கேள்வி பின்வரிசைக்குப் போய்விட்டது.

கடைசியாக, அரசே நியமித்த அமைப்பின் கணக்கைச் சொல்கிறேன். இதில் எந்த இயக்கத்தின் கொடியும் இல்லை. மனித உரிமைக் குழுக்கள் தொடர்ந்து முறையிட்ட பிறகு, 1999-ல் தேசிய மனித உரிமை ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் கர்நாடக உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஏ.ஜே. சதாசிவா, உடன் மத்தியப் புலனாய்வுத் துறையின் முன்னாள் இயக்குநர் சி.வி. நரசிம்மன். ஒருவர் கன்னடர், நீதிபதி. இன்னொருவர் வாழ்நாள் முழுக்கப் போலீஸ்காரர். இவர்களை யாரும் தமிழ்த் தேசியவாதி என்று சொல்ல முடியாது. போலீஸ் அதிகாரிகள் தடை வாங்கினார்கள். தடை நீங்கி, எல்லையோர ஊர்களில் உட்கார்ந்து சாட்சியம் கேட்டு, 2003 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். அதன் அடிப்படையில் 2007 ஜனவரியில் ஆணையம், அதிரடிப்படைகளின் அத்துமீறலுக்கு ஆளானவர்கள் என்று 89 பேரை ஏற்று, 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது. அமைப்புகள் கத்தியது பொய் என்றால், இந்த 89 பேர் யார்?

2004 அக்டோபர் 18-ல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டதும் தமிழ்நாடு அரசு அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாய் ரொக்கம், வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு என்று அறிவித்தது. உயிரைப் பணயம் வைத்துக் காட்டில் கிடந்தவர்களுக்குப் பரிசு கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு வருடம் கழித்து, அதே தேடுதலில் கரண்ட் வைக்கப்பட்டவர்களுக்கும் சீரழிக்கப்பட்டவர்களுக்கும் பரிந்துரைக்கப்பட்ட தொகையை 89 பேருக்குப் பிரித்துப் பார்த்தால் தலைக்கு 3 லட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது. மனை இல்லை.